முதல்ல சொல்லு, அப்புறம் செய்வோம்

நல்லாசிரியர் விருது என்று ஊரில் சொல்வது தமிழக அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதைத்தான். ஆசிரியர் தினமான செப்டம்பர் 5-ஐ ஒட்டிக் கொடுப்பார்கள். 10,000 ரூபாய், ஒரு வெள்ளிப் பதக்கம், ஒரு பாராட்டுச் சான்றிதழ். எனக்கும் ஒரு வருடம் கிடைத்தது. பணம் முழுவதும் குடும்பத்தோடு சென்னை போய்வந்த வேன் வாடகையிலும் லாட்ஜிலும் கரைந்தது. பதக்கம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

விருதுக்கு ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும். தேர்ச்சி விழுக்காடு, மாணவர் சேர்க்கை, கண்காட்சியில் வாங்கிய பரிசுகள், நன்கொடையாளர்களைப் பிடித்துப் பள்ளிக்கு வாங்கித் தந்த பொருட்கள், செய்தித்தாளில் வந்த துணுக்குகள், மரக்கன்று நட்ட போட்டோ, பேரணிக்குப் போன போட்டோ. எங்கள் தலைமையாசிரியர் இதிலெல்லாம் கெட்டிக்காரர். "டீச்சர், நீங்க எதையும் எடுத்து வைக்கிறதே இல்ல" என்று திட்டிக்கொண்டே எங்கெங்கோ தேடிப் படங்களைச் சேர்த்துக் கனமான கோப்பாக்கிவிட்டார். அதில் இருந்தது எதுவும் பொய்யில்லை. ஆனால் ஏழாம் வகுப்பில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மூன்றாவது பாடவேளையில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்கும் பக்கம் அந்தக் கோப்பில் எங்கேயும் கிடையாது. நேர்காணலிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி யாரும் விளக்கம் கேட்டு மெமோ அனுப்ப முடியாது.

நான் வேலை பார்த்தது நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை விளையும் ஓர் ஊரில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அதற்கு முன்பு வேறு ஊர்களில் இடைநிலை ஆசிரியராக ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் எடுத்தேன். வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பி.எஸ்ஸி., பி.எட். முடித்து, பட்டதாரி ஆசிரியராகி, ஆறு முதல் எட்டு வரை அறிவியல் என்று வந்து சேர்ந்தேன். பூ எடுக்கும் பருவத்தில் எங்கள் பிள்ளைகள் விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய் மொட்டுப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். முதல் பாடவேளையில் பாதிப் பேருக்குக் கண் சொக்கும். அந்த வகுப்பில் 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அதற்குக் கீழே விடையையும் எழுதிப் போட்டால் தூக்கம்தான் வரும். எனக்கே வரும்.

தொண்ணூறுகளில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திய ஆசிரியர் முகாம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அறிவொளி இயக்கத்தின் சூடு ஆறாத காலம். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து முக்கோணம், கூம்பு, வீடு என்று செய்யச் சொல்லித் தந்தார்கள். இதை உருவாக்கியவர் அரவிந்த் குப்தா என்றும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து ஒரு பெரிய லாரி கம்பெனியில் வேலை பார்த்தவர் 1978-இல் ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய்விட்டார் என்றும் சொன்னார்கள். பிற்பாடு, 2018-இல், அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் என்னை உலுக்கியது வால்வு டியூப் அல்ல. அவர் எங்கே போனாரோ அந்த ஊரின் கதை.

ஹோஷங்காபாத். இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து அந்த மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு வேலையைத் தொடங்கின. அனில் சத்கோபால் என்ற விஞ்ஞானி டாடா ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு இதற்காக வந்து உட்கார்ந்தார். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ரயிலேறி வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை, அதாவது என் வகுப்புகள். 'பால் வைஞானிக்' (இந்தியில் 'குழந்தை விஞ்ஞானி') என்று புத்தகம். அதில் சோதனை இருக்கும், கேள்வி இருக்கும், விடை மட்டும் இருக்காது. பிள்ளை செய்து பார்த்துத் தன் கையால் எழுதினால்தான் அந்தப் புத்தகம் முழுமையாகும். பரீட்சைக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டே போகலாம், ஏனென்றால் அங்கே கேட்கும் கேள்விக்கு விடை அவற்றில் கிடையாது. ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, எந்தச் சோதனை வேலை செய்யவில்லை என்று பேசுவார்கள். பிள்ளைகள் சந்தேகம் எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை ஆளையே வைத்திருந்தார்கள். அவர் பெயரில் பதிலும் போகும்.

1978-இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-இல் இதற்காகவே ஏகலைவா என்ற நிறுவனம் பிறந்தது. ஆயிரம் பள்ளிகள் வரைக்கும் போய், 2002-இல் மாநில அரசு ஒரே உத்தரவில் நிறுத்திவிட்டது. முப்பது வருடம்! ஒரு திட்டம் நம் நாட்டில் முப்பது வருடம் தாக்குப் பிடித்ததே அதிசயம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு ஆறவில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் 'பால் வைஞானிக்' கிடையாது. அரசுப் பாடநூல்தான், அதில் சோதனைக்குப் பக்கத்திலேயே முடிவும் அச்சாகியிருக்கும். அதனால் நான் ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். எந்தச் சோதனையானாலும் பொருளைத் தொடுவதற்கு முன்பு, என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று ஒரு வரி. பென்சில் கூடாது, பேனாவில். அழிக்கக் கூடாது. எழுதாத பிள்ளைக்குப் பொருள் கிடையாது. "முதல்ல சொல்லு, அப்புறம் செய்வோம்" என்பது வகுப்பில் என் தேய்ந்த ரெக்கார்டு.

கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் செய்து காட்டுவதை வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கும், தான் சொன்னது நடக்குமா என்று பார்க்கிற பிள்ளைக்கும் முகமே வேறு. கிரிக்கெட்டில் பந்தயம் கட்டிவிட்டு மேட்ச் பார்க்கிறவனைப் பார்த்திருப்பீர்களே, அந்த முகம்.

மெழுகுவத்திச் சோதனையைச் சொல்கிறேன். பழைய பாடப்புத்தகங்கள் பலவற்றில் உண்டு, இன்றும் கைடுகளில் கிடக்கிறது. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் மெழுகுவத்தி அணையும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது' என்று விளக்கம். ஏறும் அளவும் பல நேரம் ஐந்தில் ஒரு பங்கு போலவே இருந்து தொலைக்கும். அதனால் ஆசிரியர், பிள்ளை எல்லோருக்கும் திருப்தி.

நான் அதைச் செய்து, விளக்கத்தையும் எழுதிப் போட்டுவிட்டு, "சரி, இப்ப அதே டம்ளருக்குள்ள மூணு மெழுகுவத்தி வச்சா?" என்று கேட்பேன். எழுதுங்கள். எப்போதும் வகுப்பு இரண்டாகும். ஒரு கூட்டம், "டம்ளர் அதேதானே, ஆக்சிஜனும் அதே அளவுதான், தண்ணியும் அதே அளவுதான் ஏறும்" என்று எழுதும். விளக்கத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்ட பிள்ளைகள் இவர்கள்தான். இன்னொரு கூட்டம் ஏன் என்று தெரியாமலே கூட ஏறும் என்று எழுதும். கவிழ்ப்போம். தண்ணீர் நன்றாகவே கூடுதலாக ஏறும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அப்போது வருகிற கோபம் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். "டீச்சர், டம்ளர் மாறிடுச்சு." மாறவில்லை. "திரும்பச் செய்யுங்க." செய்வோம். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் பின் பெஞ்சிலிருந்து, "டீச்சர், கவுத்தும்போது ஓரத்துல குமிழி வந்துச்சு" என்று சொல்லும். இன்னொன்று, "எரியும்போது ஏறல, அணைஞ்ச பிறகுதான் மளமளன்னு ஏறிச்சு" என்று சொல்லும். இந்த இரண்டும் வந்துவிட்டால் நான் ஏறக்குறைய வாயை மூடிக்கொள்ளலாம். சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே ஓடிவிட்டது. தீ அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்கியது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளியது. மூன்று மெழுகுவத்தி என்றால் சூடு கூடுதல், ஓடிப்போகும் காற்றும் கூடுதல். மெழுகுவத்தி அணையும்போது உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதும் இல்லை, பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பது உண்மைதான், ஆனால் அதற்கு இந்தச் சோதனை சாட்சி இல்லை.

இதற்கு மூன்று பாடவேளை ஆகும். பாடத்திட்டப்படி ஒன்றுதான். மிச்ச இரண்டை எங்கிருந்து எடுத்தேன் என்றால், புத்தகத்தைச் சத்தமாக வாசித்து அடிக்கோடிடும் வேலையிலிருந்து எடுத்தேன். அதைப் பிள்ளைகள் வீட்டில் செய்துகொள்ளட்டும்.

எட்டாம் வகுப்பில் இன்னொன்று. ஒரு விறகுக் கட்டையை மேசை மேல் வைத்து, "இந்தக் கட்டையில இருக்குற எடை எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்பேன். விவசாயி வீட்டுப் பிள்ளைகள், யோசிக்கவே மாட்டார்கள். மண்ணிலிருந்து, தண்ணியிலிருந்து, உரத்திலிருந்து. காற்றிலிருந்து என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. இத்தனைக்கும் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு அதில் முதல் வார்த்தையாகவே இருக்கும். சமன்பாடு ஒரு அறையில், மரம் வேறொரு அறையில்.

அப்போது வான் ஹெல்மான்ட் கதையைச் சொல்வேன். இன்றைய பெல்ஜியத்தில் இருந்தவர். ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, 5 பவுண்டு வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டுக்கு மேல். மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ். நம் கணக்கில் மரம் 70 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது, மண்ணில் 60 கிராம்கூடக் குறையவில்லை. அவர் இறந்த பிறகு, 1648-இல் இது அச்சில் வந்தது. அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்வேன். "தண்ணிதான் மரமாச்சு!" ஆமாம், அவரும் அப்படித்தான் சொன்னார். அவர் சொன்னதும் பாதிதான் சரி. ஒரு பெரிய ஆள், ஐந்து வருடம் பொறுமையாகச் செய்தவர், சரியாக நிறுத்தவர், அவருக்கும் காற்று தோன்றவில்லை. இது தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு நிம்மதி வரும். தாங்கள் நினைத்தது முட்டாள்தனம் இல்லை என்ற நிம்மதி.

ஒரு வருடம் இது வீட்டுக்குப் போய்ச் சண்டையாகிவிட்டது. மறுநாள் ஒரு பிள்ளையின் அப்பா, பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், டி.வி.எஸ். பிப்டியைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். "டீச்சரம்மா, செடி மண்ணுல இருந்து ஒண்ணும் எடுக்கலன்னு பாப்பா சொல்லுது. அப்ப நான் கடன் வாங்கிப் போடுற உரமெல்லாம் வீணா?" நியாயமான கேள்வி. அவரையே வகுப்புக்குள் கூட்டிப் போய் அதே கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அவருடைய மகளே, "அந்த ரெண்டு அவுன்ஸ்தான்ப்பா உரம்" என்றாள். எடை கொடுப்பது காற்றும் தண்ணீரும். ஆனால் அந்த இரண்டு அவுன்ஸில் இருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இல்லாமல் செடி எழும்பாது. அவர் தலையை ஆட்டிவிட்டு, "ரெண்டு அவுன்ஸுக்கு என்னா வெல விக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்கு உரக்கடைக் கணக்கையே கணிதப் பாடவேளைக்கு எடுத்துக்கொண்டோம்.

இனி உலக்கைக் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் என் பிள்ளைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம் கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நம் மாவட்டங்களின் மேலேயே போயிற்று. ஒன்றரை மணி நேரமாகக் கடித்துக் கடித்துக் குறைந்த சூரியன் காலை ஒன்பதரை வாக்கில் வளையலாகி, மூன்று நிமிடம் போல நின்றது. அரையாண்டு விடுமுறை. இருந்தாலும் வரச் சொன்னேன், ஏறக்குறைய எல்லோரும் வந்தார்கள். வராதவர்கள் வீட்டில் விடாததால் வரவில்லை. சூரிய வடிகட்டிக் கண்ணாடிகளை அறிவியல் இயக்கத்திலிருந்து வாங்கி வைத்திருந்தோம். ஆனால் வாசலிலிருந்த வேப்பமரம் எங்கள் கண்ணாடிகளைத் தோற்கடித்துவிட்டது. இலை இடுக்கில் விழும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் தரையில் குட்டி வளையமாகக் கிடந்தது. சத்துணவு அம்மா இடியாப்பத் தட்டைக் கொண்டுவந்து பிடித்தார், அதிலும் அத்தனை ஓட்டைக்கும் அத்தனை வளையம். ஊசித்துளைக் கேமரா பாடத்தை அதற்குப் பிறகு நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

உலக்கைக்கு வருகிறேன். கிரகணத்தின்போது பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் பிடிக்காமலே நிற்கும், கிரகணம் விட்டதும் விழும் என்று ஊர்ப்பக்கம் நம்பிக்கை. அன்றைக்கு எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் நிற்கிற உலக்கைதான். நான் விடுமுறை விடும் முன்பே பிள்ளைகளிடம் பேனாவால் எழுதி வாங்கியிருந்தேன்: கிரகணத்தன்று நிற்குமா, மற்ற நாளில் நிற்குமா, ஏன். கிரகணத்தன்று நிற்கும், மற்ற நாளில் நிற்காது என்பதே பெரும்பாலோர் எழுதியது. 'ரெண்டு நாளும் நிக்காது, சும்மா சொல்றாங்க' என்று சில அவசரப் பகுத்தறிவாளர்கள். 'ரெண்டு நாளும் நிக்கும்' என்று எழுதியது மிகக் கொஞ்சம் பேர்.

முதல் நாளே வீட்டில் செய்து பார்க்கச் சொல்லியிருந்தேன். சில வீடுகளில் உலக்கையே இல்லை, மிக்ஸி வந்து எத்தனை காலம் ஆயிற்று. சில பாட்டிகள் தொடவிடவில்லை. கிடைத்தவர்களுக்கும் கலவையான முடிவு: சிலருடையது நின்றது, சிலருடையது விழுந்துகொண்டே இருந்தது. கிரகணத்தன்று கிட்டத்தட்ட எல்லோர் வீட்டிலும் நின்றது. இது எனக்குச் சங்கடமான தரவு, மறைக்க முடியுமா? விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போட்டேன். கிரகணத்தன்று அதிகம் நின்றிருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

"ஈர்ப்பு விசை மாறிடுச்சு டீச்சர்" என்றது ஒரு கூட்டம். அமாவாசை தோறும் சூரியனும் சந்திரனும் ஏறக்குறைய ஒரே பக்கம்தானே இருக்கின்றன, அப்போதெல்லாம் யாராவது நிறுத்திப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை. ஒருவன் சைக்கிள் கேரியரில் உலக்கையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அடியில் இரும்புப் பூண் போட்ட உலக்கை. வகுப்பறைச் சிமெண்டுத் தரையில் நிறுத்த ஆரம்பித்தோம். விழுந்தது, விழுந்தது, கை நடுக்கத்தைக் குறைத்து மெதுவாக விட்டபோது நின்றது. கிரகணமில்லை, தாம்பாளமில்லை, தண்ணீர் இல்லை. பூணின் அடிப்பாகம் தட்டையாக இருக்கிறது, உலக்கை நேராக இருந்தால் எடை அந்த வட்டத்துக்குள்ளேயே இறங்குகிறது. அவ்வளவுதான்.

ஆனால் கரும்பலகைக் கணக்கு இன்னும் மிச்சம். எந்த நாளும் நிற்கும் என்றால் கிரகணத்தன்று ஏன் அதிக வீட்டில் நின்றது? வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்து சொன்னாள்: "அன்னிக்கு மட்டும்தான் டீச்சர் எங்க பாட்டி அது நிக்கிற வரைக்கும் விடல."

ஆராய்ச்சி முறை பற்றிப் பெரிய பெரிய பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு வரிக்கு ஈடாக எதையும் அங்கே கேட்டதில்லை. மற்ற நாளில் இரண்டு தடவை விழுந்தால் விட்டுவிடுகிறோம். கிரகணத்தன்று நிற்கும் என்று தெரிந்தே நிறுத்துகிறோம், நிற்கும்வரை நிறுத்துகிறோம், நின்றதை மட்டும் போட்டோ எடுக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாம் நின்ற உலக்கைகள். விழுந்த உலக்கையை யார் அனுப்புவார்கள்?

அந்தப் பாட்டி சும்மா இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, "டீச்சரம்மா, கெரகணத்துல நிக்கிறது சாமி. மத்த நாள் நிக்கிறது ஒங்க பசங்க கைச்சமத்து. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரிடம் வாதம் செய்யவும் இல்லை. பேத்தியிடம் வேலை முடிந்துவிட்டது.

இந்த மாதிரி வகுப்பு எதுவும் கண்காட்சிக்குப் போகாது. கண்காட்சி என்றால் தெர்மாகோல், எரிமலை, காற்றாலை, மழைநீர் சேகரிப்பு மாதிரி. இப்போதெல்லாம் ஃபேன்சி ஸ்டோரிலேயே ரெடிமேடாக விற்கிறது, அப்பா வாங்கித் தருகிறார், பிள்ளை மனப்பாடமாக விளக்குகிறது, பரிசும் வருகிறது. என் கோப்பிலும் அப்படிச் சில பரிசுகள் உண்டு, அவற்றுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். முறைகளும் அப்படித்தான். எங்களுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று வந்தது, நல்ல எண்ணத்தில்தான் வந்தது. பிள்ளைகள் பாடத்தைப் படித்துத் தாங்களே மனவரைபடம் போட வேண்டும். பார்வைக்கு வரும் அதிகாரிகள் சார்ட்டில் வரைபடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், உடனே வகுப்பில் நன்றாக வரைகிற பிள்ளை ஒன்று போட, மற்றவை பார்த்து எழுதின. நோட்ஸ் எழுதிய இடத்தில் வட்டமும் அம்புக்குறியும் வந்தன. 2022-இல் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்காகத் தொடங்கிய வானவில் மன்றம் பரவாயில்லை. கருத்தாளர்கள் வண்டியில் பொருட்களோடு பள்ளிக்கே வருகிறார்கள், பிள்ளைகள் கையில் ஏதாவது கிடைக்கிறது. அவர்கள் போன பிறகு வகுப்பாசிரியர் அதைத் தொடர்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பெட்டியைத் திறக்கும் முன்பு பிள்ளைகளை எழுதவிடுங்கள்.

என் முறைமேல் எனக்கு வந்த சரியான அடி ஓர் அதிகாரியிடமிருந்தோ சக ஆசிரியரிடமிருந்தோ வரவில்லை. பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து வந்தது. இப்போது மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, காபியைக் குடித்துக்கொண்டே, "ஒங்க கிளாஸ் ரொம்பப் பிடிக்கும் டீச்சர். ஆனா ஒன்பதாவது ஹைஸ்கூல் போனப்ப நான் செத்தேன். அங்க அஞ்சு மார்க் கேள்விக்கு அஞ்சு பாயிண்ட் எழுதணும். எனக்கு எப்படி எழுதுறதுன்னே தெரியல. மெட்ரிக்ல இருந்து வந்த புள்ளைங்க அருவி மாதிரி எழுதுதுங்க. நான் ஏன் ஏன்னு யோசிச்சிட்டு உக்காந்திருப்பேன், பெல் அடிச்சிரும்" என்றாள்.

இதற்கு நான் பதில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. எங்கள் பள்ளி எட்டாவதோடு முடிகிறது, அதன்பிறகு பிள்ளைகள் போகிற உலகம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு உலகம். அங்கே கேள்வித்தாள் மாறாதவரை, யோசிக்கக் கற்ற பிள்ளை எழுதவும் கற்றிருக்க வேண்டும். அது கீழான வேலை இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் என்பது பஸ் டிக்கெட், அது இல்லாமல் ஊரைத் தாண்ட முடியாது. அவள் சொன்னதற்குப் பிறகு, ஒவ்வொரு பாடமும் முடிந்த மறுநாள் ஒரு பாடவேளையைத் தேர்வு எழுதப் பழகுவதற்கென்றே ஒதுக்கினேன். கேள்வியைக் கொடுத்து, நேரம் வைத்து, பாயிண்டாக எழுதுவது, படம் போட்டுப் பாகம் குறிப்பது, எல்லாம். அன்றைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு விடுமுறை.

போன மாதம் அதே மாணவி போன் பண்ணினாள். மகள் ஆறாவது, தனியார் பள்ளி. அறிவியல் புத்தகத்தில் மெழுகுவத்திச் சோதனை வந்திருக்கிறதாம், அதே ஆக்சிஜன் விளக்கத்தோடு. "நாளைக்கு டெஸ்ட் டீச்சர். நான் மூணு மெழுகுவத்தியைச் சொல்லிட்டேன், இவ புத்தகத்துல இருக்குறத எழுதமாட்டேன்னு அடம் புடிக்கிறா. நீங்களே சொல்லுங்க."

பிள்ளையிடம் போனைக் கொடுத்தாள். டெஸ்டில் புத்தகத்தில் இருப்பதை எழுதிவிட்டு வா, வந்ததும் வீட்டில் அம்மாவோடு செய்து பார் என்றேன். அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"அப்ப புத்தகத்துல ஏன் ஆன்ட்டி தப்பா போட்டிருக்காங்க?"

"புத்தகத்தோட ரெண்டாம் பக்கத்துல அச்சடிச்சவங்க அட்ரஸ் இருக்கும், பாரு. அவங்களுக்கே லெட்டர் எழுதிக் கேளு. ஆனா செஞ்சு பாத்துட்டு எழுது. ஒரு மெழுகுவத்திக்கு எவ்வளவு ஏறுச்சு, மூணுக்கு எவ்வளவு ஏறுச்சுன்னு ஸ்கேல் வச்சு அளந்து எழுதணும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுக்கும் அளக்கணுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும் அளக்கணும்."